உதிர்ந்த கனியும் கழிந்த ஏடும்
பழைய பாடநூல் தாள்களில் எளிய ஓவியம் வரைதல்: பாடசாலை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு பாடம்

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். சென்ற வகுப்பின் பாடநூல்கள் கயிற்றால் கட்டப்பெற்றுப் பழைய பேப்பர்க் கடைக்குச் செல்கின்றன. சில நாட்களில் அவற்றின் தாள்களே வடையையும் சுண்டலையும் சுற்றிக்கொண்டு நம் கைக்குத் திரும்பி வருகின்றன. அச்சு மை உடல் நலத்துக்கு ஏற்றதன்று என்பதால், 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் செய்தித்தாளில் உணவைச் சுற்றுவதைத் தடுத்துள்ளன. ஆயினும் அவ்வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. பாடத்திட்டம் மாறும் ஆண்டுகளில் இவ்வாறு கழிக்கப்படும் நூல்கள் இன்னும் மிகுதி. தமிழ்நாட்டில் 2018-19ஆம் கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தபோது, முந்திய நூல்கள் கட்டுக்கட்டாகக் கடைகளுக்குச் சென்றதை நாம் அறிவோம்.

இத்தாள்களை வீணாக்காமல் அவற்றின்மீது சிறு சிறு கோட்டோவியங்கள் வரையப் பழக்கலாம் என்று எண்ணி, எங்கள் ஊர் ஜினாலயத்தை ஒட்டி நடைபெறும் கோடைக்கால அறநெறி வகுப்பில் அம்முயற்சியைத் தொடங்கினேன். முதல் நாளன்றே ஒரு சிறுமி தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஐயா, எழுத்தின் மேல் மை பூசலாமா? காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆயா சொல்வார்களே!”

எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. வகுப்பை ஒரு வாரம் ஒத்திவைத்தேன். அவ்வாரத்தில் ஆராய்ந்து கண்டவற்றையும், பின்னர் வகுப்பில் நடைமுறைப்படுத்தியவற்றையும் இங்கே பாடமாகத் தொகுத்துத் தருகிறேன்.

சுருதமும் ஏடும்

அச்சிறுமியின் வினா எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. ஐவகை ஞானங்களுள் சுருத ஞானம் இரண்டாவது. அதனைத் திரவிய சுருதம், பாவ சுருதம் என இரண்டாகப் பகுத்துக் கூறுவர். எழுத்து, சொல், நூல் ஆகியவை திரவிய சுருதம். அவற்றின் வாயிலாக ஆன்மாவில் எழும் அறிவு பாவ சுருதம். எழுத்து அறிவன்று, அறிவுக்கு வாயில். வாயிலையும் மதிக்க வேண்டும் என்பதனாலேயே நம் முன்னோர் ஏட்டை மிதித்தலையும் எச்சிற்கையால் தொடுதலையும் விலக்கினர். ஜ்யேஷ்ட மாதத்துச் சுக்கில பட்சப் பஞ்சமியைச் சுருத பஞ்சமி எனக் கொண்டு நூல்களையே பூசிக்கும் மரபும் நம்முடையது. புஷ்பதந்தரும் பூதபலியும் இயற்றிய ஷட்கண்டாகமம் நிறைவுற்றதை நினைவூட்டும் நாள் அது.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், ஞானத்தை மறைக்கும் வினை ஆன்மாவில் வந்து சேர்வதற்கு ஆறு காரணங்களைக் கூறுகிறார். பிரதோஷம், நிஹ்னவம், மாத்சரியம், அந்தராயம், ஆசாதனம், உபகாதம் என்பன அவை. முறையே, ஞானத்தின்பால் உள்ளத்தே வெறுப்புக் கொள்ளுதல், அறிந்ததை மறைத்தல், பொறாமையால் கற்பியாது விடுதல், கற்பார்க்கு இடையூறு செய்தல், ஞானத்தை அவமதித்தல், நன்ஞானத்தைப் பழித்தல் என இவற்றைச் சுருக்கமாகப் பொருள் கொள்ளலாம்.

சிறுமி அஞ்சியது ஆசாதனத்தை. இவ்வாறில் எதுவும் காகிதத்தை மட்டும் நோக்கியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஞானத்தோடும் அதனைப் பெறுவோரோடும் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியது. ஆகவே வினாவைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியுள்ளது. தாளின்மீது மை படுகிறதா என்பதன்று வினா. அதனால் எவருடைய அறிவேனும் தடைப்படுகிறதா, நம் உள்ளத்தில் அறிவின்பால் இகழ்ச்சி தோன்றுகிறதா என்பதே வினா.

ஆசிரியர் செய்த பிழை

இதனை நான் நூலில் மட்டும் கற்றிருந்தால் இத்துணை உறுதியாக எழுதியிரேன். வகுப்புக்காக நான் திரட்டிய நூல்களுள் பழைய பத்தாம் வகுப்புக் கணக்கு நூல் ஒன்றும் இருந்தது. பாடத்திட்டம் மாறிவிட்டதே என்று அதனைத் தாள் தாளாகப் பிரித்துவிட்டேன். இரண்டு நாட்களுக்குப் பின்னர், பள்ளிப் படிப்பை இடையில் விட்டுத் தனித்தேர்வராகத் தேர்வெழுத முயலும் இளைஞர் ஒருவர் வந்து, எளிய கணக்குகளிலிருந்து தொடங்கிப் பயில அந்நூல் தமக்கு உதவும் என்று கேட்டார். பிரித்த தாள்களைக் காட்டினேன். அவர் ஒன்றும் கூறாமல் திரும்பிச் சென்றார்.

அன்று நான் ஓர் எழுத்தின்மீதும் மை பூசியிருக்கவில்லை. ஆயினும் பிழை நேர்ந்துவிட்டது. அது ஆசாதனம் அன்று, அந்தராயம். தீய எண்ணம் இல்லையே என்று தேற்றிக்கொள்ளவும் இடமில்லை. கருதிப் பாராது செய்வதாகிய பிரமாதத்தையே இம்சைக்கு வேராக உமாசுவாமிகள் வைத்துள்ளார். தாள்களை அடுக்கித் தைத்து, அட்டையிட்டு, அவர் இல்லத்துக்குச் சென்று கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு தாள்கள் கிழிந்திருந்தன. அவற்றிலிருந்த கணக்குகளைக் கையால் எழுதிச் சேர்த்தேன்.

மதிப்பு என்பது பூட்டி வைத்தலும் அன்று. கர்நாடகத்தின் மூடபித்ரியில் ஷட்கண்டாகமத்தின் உரையாகிய தவளத்தின் ஓலைச்சுவடிகள் பல நூற்றாண்டுகள் காக்கப்பெற்றன. ஆனால் வணங்குதற்கு உரியனவாக இருந்தனவேயன்றிப் பயிலப்படவில்லை. பின்னர் அவை படியெடுக்கப்பெற்று, ஹீராலால் ஜைன் அவர்களின் பதிப்பில் 1939ஆம் ஆண்டு முதல் தொகுதி அச்சேறிய பிறகே அறிஞர் கைகளுக்கு எட்டின. மறுபுறம், பழுதுற்ற சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கத்தால் அழிந்த தமிழ் நூல்களை எண்ணி உ.வே. சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். வணங்கி மறைத்தலும் வணங்கி நீரில் விடுதலும் ஆகிய இரண்டும் மதிப்பின் பெயராலேயே நிகழ்ந்தவை. எனவே நம் கைக்கு வரும் நூல் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

தாளைத் தேரும் முறை

எங்கள் வகுப்பில் இப்போது பின்பற்றும் வரிசை இது.

முதலாவதாக, நூலைப் படிக்கத்தக்கவர் எவரேனும் உளரா என்று விசாரிக்க வேண்டும். நூலின் பெயரை எழுதி ஜினாலய அறிவிப்புப் பலகையில் ஒரு திங்கள் வைத்திருக்கிறோம். இரண்டாவதாக, தைத்தோ ஒட்டியோ நூலைச் சீர்ப்படுத்த இயலுமாயின் அவ்வாறே செய்து நூலகத்துக்கு அளிக்க வேண்டும். மூன்றாவதாக, பாதிக்கு மேல் சிதைந்தும், வேண்டுவார் இன்றியும் எஞ்சியவற்றையே பிரிக்கலாம்.

பிரித்த பின்னரும் சில தாள்களை விலக்குகிறோம். சமய நூல்களின் தாள்கள், தீர்த்தங்கரர் திருநாமமோ மந்திரமோ அமைந்தவை, திருக்குறட் பகுதி, நாட்டுப்பண்ணும் தமிழ்த்தாய் வாழ்த்தும் உள்ள முகப்புத் தாள்கள், தேசப்படம், பெரியோர் படங்கள் ஆகியவற்றைத் தொடுவதில்லை. அதேபோல, அருகன் திருவுருவையோ சித்தர் உருவையோ இத்தாள்களில் வரைவதும் இல்லை. இன்று வரைந்த தாள் நாளை எங்கே கிடக்கும் என்று நாம் அறியோம் அன்றோ?

மற்றுமொரு விதி உண்டு. எழுத்தை அழிக்கலாகாது. மேலைநாடுகளிலும் அச்சிட்ட தாள்மீது ஓவியம் வரைவோர் உளர். இங்கிலாந்தின் ஓவியர் டாம் பிலிப்ஸ் 1966இல் ஒரு பழைய நாவலை வாங்கி, அதன் பக்கம் ஒவ்வொன்றிலும் பெரும்பாலான சொற்களை வண்ணத்தால் மூடி, சிலவற்றை மட்டும் விட்டு, வேறொரு நூலையே ஆக்கினார். அது அவர் வழி. நம் வகுப்பில் கோடு எழுத்தைக் கடந்து செல்லலாம், மறைக்கலாகாது. வரைந்து முடிந்த பின்னும் தாளைப் படிக்க முடிதல் வேண்டும். சிறுமியின் பாட்டியாருக்கு நாம் அளித்த உறுதிமொழியும் இதுவே.

குறைவில் நிறைவு

நம் கலையில் இரு போக்குகள் உண்டு. சித்தன்னவாசலில் காணும் தாமரைத் தடாகம் முதல் போக்கைச் சார்ந்தது. மலரும் இலையும் மீனும் அன்னமும் யானையும் நிறைந்த வளம் அங்கே தீட்டப்பெற்றுள்ளது. மற்றையது விலக்கி விலக்கி எஞ்சியதைக் காட்டும் போக்கு. மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில், ஏறத்தாழ கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் துறவியர்க்கு அமைத்த கற்படுக்கைகளைக் காணலாம். மழித்துச் சமமாக்கிய பாறையும் அருகே தமிழ் பிராமி எழுத்துகளும் தவிர அங்கே அணி ஏதும் இல்லை.

மேற்கிந்தியச் சமண ஏடுகளில் இன்னொரு சான்று கிடைக்கிறது. ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாறிய பின்னரும் எழுதுவோர் கயிறு கோக்கும் துளைக்கு உரிய இடத்தை எழுதாது விட்டனர். காகிதத்துக்குக் கயிறு வேண்டுவதில்லை. எனினும் எழுத்துகளின் நடுவே அவ்வெற்றிடம் நிலைத்தது. நாளடைவில் அதனுள் சிறு வட்டம் ஒன்றையும் இட்டு அழகு செய்தனர்.

இவற்றினும் சிறந்த சான்று நம் ஆலயங்களில் உள்ள சித்தர் படிமம். உலோகத் தகட்டில் நின்ற திருவுருவின் புறவடிவை மட்டும் வெட்டியெடுத்து, உள்ளே வெளியாக விட்டிருப்பர். உடலை நீத்த ஆன்மாவுக்கு நிறமும் வடிவப் பொருளும் இல்லை. இறுதி உடலிற் சிறிதே குறைந்த அளவு மட்டும் உண்டு என்று திரவிய சங்கிரகத்தில் நேமிச்சந்திரர் கூறுவார். மெழுகு உருகி ஒழிந்த மூசையின் உள்வெளியை உரைகாரர் இதற்கு உவமை காட்டுவர். இல்லாததைக் கொண்டே உள்ளதைக் காட்டும் இக்கருத்தினும் எளிய ஓவிய முறை வேறொன்று இருத்தல் அரிது. 1960களில் அமெரிக்காவில் தோன்றிய ‘மினிமலிசம்’ என்னும் எளிமைக் கலையைப் பற்றிப் படிக்கும் நம் இளைஞர், முதலில் இத்தகட்டின் முன் சிறிது நேரம் நின்று பார்த்தல் நலம்.

கருவிகளும் கொல்லாமையும்

ஓவியப் பொருள்களில் உயிர்க்கொலை மறைந்திருப்பதைப் பலரும் அறிவதில்லை. சிலவகைத் தூரிகைகள் அணில், கீரி போன்ற விலங்குகளின் மயிரால் ஆனவை. ‘கார்மைன்’ என்னும் செந்நிறம் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது. ‘ஐவரி பிளாக்’ எனப்படும் கருநிறம் எலும்பைக் கரித்து ஆக்கப்படுவது. நீரில் கரையாத ‘இந்தியன் இங்க்’ வகைகள் பலவற்றில் அரக்கு சேர்கிறது. அரக்கும் பூச்சியின் வழியே வருவது. சிலவகைப் பசைகள் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கப்படுகின்றன.

இவற்றுக்கு மாற்று எளிது. தூரிகைக்கு நைலான் தூரிகை, அல்லது நுனியை நைத்த பனைநார். கருமைக்கு விளக்குக் கரி. எண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே சிறிது உயரத்தில் மண் ஓட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் கரி படியும். இதனைப் பகலிலேயே செய்தல் வேண்டும். இரவில் சுடரை நாடிப் பூச்சிகள் வந்து மடியும். கருவேல மரத்திலிருந்து வடிந்து உறைந்த பிசினை வடிகட்டிய நீரில் கரைத்து, கரியோடு குழைத்தால் மை ஆயத்தம். செம்மைக்குக் காவிக்கல்லை உரைத்து இதே பிசின் நீரில் கலக்கலாம். மஞ்சள் தூளும் நிறம் தரும்; ஆனால் வெயில் பட்டால் விரைவில் வெளிறிவிடும். மையையும் பசையையும் அன்றைக்கு வேண்டிய அளவே ஆக்க வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் புளித்து உயிர்கள் தோன்றும்.

 தாளில் லிக்னின் என்னும் பொருள் எஞ்சியிருந்தால், அது ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், தாளும் நாளடைவில் நொறுங்கும். ஆதலின் நீர் மிகக் குறைவாகவே படுதல் வேண்டும். மெலிந்த தாளாயின் இரண்டினை முதுகொட்டி, பலகையின் கீழ் ஓர் இரவு வைத்தால் உறுதிப்படும். ஒட்டும் மாவுப் பசையில் வசம்புத் தூள் சிறிது சேர்த்தால் இராமபாணப் பூச்சி அணுகாது. பூச்சி வந்த பின் கொல்லுவதினும் வாராமற் காத்தலே நம் நெறி. அச்சு மை எண்ணெய் சார்ந்ததாதலின் நம் நீர் மையில் கரையாது. எழுத்து தெளிவாகவே நிற்கும்.

மூன்று பயிற்சிகள்

பொதுவான அளவு: தாளை மனத்தால் எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஓவியம் அடங்க வேண்டும். ஒரே பொருள், ஒரே நிறம். வரையுமுன் தாளை ஒருமுறை முழுதும் படிக்க வேண்டும். படிக்காத தாளில் வரைதல் எங்கள் வகுப்பில் இல்லை.

பயிற்சி 1: குண்டிகை. திகம்பர முனிவர்பால் இருப்பவை மூன்றே: தூய்மைக்குக் குண்டிகை, உயிரோம்பலுக்கு மயிற்பீலி, அறிவுக்கு நூல். மயில் தானே உதிர்த்த பீலியே கொள்ளப்படுகிறது. குண்டிகையை ஐந்து கோடுகளில் வரைக: உடலுக்கு இரண்டு வளைவுகள், வாய்க்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று. ஆறாவது கோடு தேவை என்று தோன்றினால், முதல் ஐந்தில் எது பிழைத்தது என்று பார்க்க. வணிகக் கணக்குப் பாடத் தாளில் இதனை வரைந்த மாணவன் ஒருவன், இலாப நட்டக் கணக்குகளுக்கு நடுவே குண்டிகை இருப்பதைக் கண்டு தானே சிரித்தான். அவனுக்கு அபரிக்ரகத்தை விளக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

பயிற்சி 2: வரையாத இலை. தாவரவியல் பாடத் தாள் ஒன்றை எடுத்து, அரசிலையின் வடிவில் வெட்டிய அட்டையை அதன்மீது வைக்க. அட்டையைச் சுற்றிலும் மிக நீர்த்த காவியை மெல்லத் தடவி, உலர்ந்த பின் அட்டையை நீக்குக. இலை இருந்த இடம் தாளின் நிறத்திலேயே நிற்கும். அதனுள் எழுத்துகள் தெளிந்து தோன்றும். நாம் இலையை வரையவில்லை; இலையல்லாததையே வரைந்தோம். இப்பயிற்சி முடிந்த பின் மாணவரைச் சித்தர் படிமத்தின் முன் அழைத்துச் செல்க.

பயிற்சி 3: அறுவர் கண்ட நாவல் மரம். இலேசியைகளை விளக்கும் கதையை அனைவரும் அறிவர். பசியுற்ற அறுவர் கனி நிறைந்த நாவல் மரம் ஒன்றைக் கண்டனர். ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணினான். அடுத்தவன் அடிமரத்தையும், மூன்றாமவன் பெருங்கிளையையும், நான்காமவன் சிறு கொம்பையும் வெட்டக் கருதினர். ஐந்தாமவன் கனியை மட்டும் பறிக்க நினைத்தான். ஆறாமவன், உதிர்ந்து கிடப்பனவே போதும் என்றான். கிருஷ்ணம், நீலம், காபோதம், பீதம், பத்மம், சுக்கிலம் என்னும் ஆறு நிலைகளும் இவர் எண்ணங்களே.

இதனை ஆறு தாள்களில் வரைக. முதல் தாளில் மரம் முழுதும் முப்பது கோடுகளில் அமையட்டும். அடுத்தடுத்த தாள்களில் இருபது, பன்னிரண்டு, ஏழு, நான்கு எனக் குறைத்து வருக. ஆறாம் தாளில் தரைமீது கிடக்கும் ஒரு கனி மட்டும், ஒரே கோட்டில். மாணவர் முதல் தாளை விரைவில் முடித்துவிடுவர். ஆறாம் தாளே நெடுநேரம் பிடிக்கும். ஒரு கோட்டில் நாவற்கனியைக் காட்டுதல் எளிதன்று. எண்ணத்தைத் தூய்மை செய்தலும் அவ்வாறே அரிது என்பதை அவர் கை உணர்ந்துகொள்ளும்.

வரைந்த பின்

மூர்ச்சையே பரிக்ரகம் என்பது ஆசாரியர் வாக்கின் கருத்து. பொருளின் அளவு சிறிதாயினும் பற்றுப் பெரிதாயின் அது உடைமையே. எளிய ஓவியம் வரைந்தவன் அதனை நூறாகப் பெருக்கிச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டால், குறைகோடு கற்றதன் பயன் யாது? ஆகவே எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஓர் ஓவியம் மட்டும் வைத்துக்கொள்வர். ஏனையவை நூலகப் புத்தகங்களுக்கு அடையாளத் தாளாகவும், சுருத பஞ்சமியன்று சீர்ப்படுத்தி அளிக்கும் நூல்களுக்கு மேலுறையாகவும் செல்கின்றன. கழிந்த ஏடு மற்றோர் ஏட்டைக் காக்கிறது.

தூரிகையைக் கீழே வைத்த சிறுமி மறுவாரம் வந்தாள். மேற்கூறிய விதிகளைக் கேட்டுவிட்டு, தன் பாட்டியாரிடம் சொல்லி வருவதாகக் கூறிச் சென்றாள். அதற்கடுத்த வாரம் பாட்டியாரே உடன் வந்து, தாள்களைத் தேரும் பணியில் அமர்ந்தார். எந்தத் தாளை விலக்க வேண்டும் என்பதில் எங்களைவிட அவரே கண்டிப்பானவர். தனித்தேர்வராகப் பயின்ற இளைஞர் கணக்கில் தேர்ச்சி பெற்று, நூலைத் திருப்பித் தந்துவிட்டார். நான் கையால் எழுதிச் சேர்த்த இரண்டு தாள்களும் அதில் அப்படியே உள்ளன. அந்நூலை நாங்கள் பிரிப்பதாக இல்லை. அடுத்து வேண்டுவார்க்கெனப் பலகையில் அதன் பெயர் எழுதப்பெற்றுள்ளது.

மரத்தைச் சாய்க்காமலும் கிளையை முறிக்காமலும், உதிர்ந்ததைக் கொண்டு நிறைவுறக் கற்போமாக.

பயிற்சி வினாக்கள்

1. திரவிய சுருதம், பாவ சுருதம் வேறுபாட்டினை ஒரு பாடநூலைக் கொண்டு விளக்குக.
2. ஞானத்தை மறைக்கும் வினைக்குரிய ஆறு காரணங்களைக் கூறி, ஆசிரியர் செய்த பிழை எதனுள் அடங்கும் என்பதைக் காரணத்துடன் எழுதுக.
3. சித்தர் படிமத்தின் அமைப்பு எக்கருத்தை உணர்த்துகிறது?
4. உன் ஓவியப் பெட்டியில் உள்ள பொருள்களுள் உயிரினங்களிலிருந்து பெறப்பட்டவை எவை? அவற்றுக்கு மாற்று யாது?
5. உன் இல்லத்தில் உள்ள பழைய பாடநூல்களின் பெயர்களை எழுதி, அவை யாருக்கு இன்னும் பயன்படும் என்று விசாரித்து வருக.

அறம் வளர்க!